விலாசமா, வளவு அறையா, தனி வீடா: செஷன் பெயர்கள் முட்டிக்கொள்ளும்போது

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு ஆன்லைன் விற்பனைப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். அதே முதலாளி கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார். அறை பதிவு செய்யும் பக்கத்தையும் அதே டொமைனில் இன்னொரு ஃபோல்டரில் போட்டேன். ஒரே வாரத்தில் போன் வந்தது. "தம்பி, சீப்புச் சீடை வாங்க வந்த ஆச்சிக்கு வேற யாரோ எடுத்த ரூம் கணக்கு தெரியுதாம்!"

டேட்டாபேஸில் ஒரு பிழையும் இல்லை. சர்வரில் அந்த ஆச்சியின் செஷன் ஃபைலைத் (வந்தவர் யார், வாங்கும் கூடையில் என்ன இருக்கிறது என்று தளம் தற்காலிகமாகக் குறித்துவைக்கும் ஃபைல்) திறந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 'யூசர்_ஐடி' என்ற பெயர், ஒரு நெட்டுக்கோடு, அப்புறம் 47 என்ற எண். கடையில் அவர் 47ஆவது வாடிக்கையாளர். அறைப் பக்கமும் அதே பெயரைப் படித்து, தன் பட்டியலில் உள்ள 47ஆவது விருந்தினர் என்று நினைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவை. அதில் நாமாக மாற்றாவிட்டால் செஷன் குக்கிக்கு (எந்த செஷன் யாருடையது என்று பிரவுசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு) ஒரே பெயர்தான், அது டொமைன் முழுக்கச் செல்லும். தப்பு என்னுடையதுதான்.

முதலில் தோன்றும் மருந்து, பெயருக்கு முன்னால் ஒட்டு போடுவது: 'கடை_யூசர்_ஐடி', 'அறை_யூசர்_ஐடி'. நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்தான விலாசம் மாதிரி. தாத்தா பெயரே பேரனுக்கு வருவதால் ஒரே ஊரில் நாலு சொக்கலிங்கம் இருப்பார்கள். யார் கணக்கு என்று சொல்வது முன்னால் நிற்கும் விலாச எழுத்துதான். பழைய கோடில் அவசரமாகச் சரிசெய்ய இது போதும். ஆனால் லாக்அவுட் எழுதும்போது ஒவ்வொரு பெயரையும் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். ஒன்றை விட்டேன், கூடை அப்படியே நின்றது.

இரண்டாவது, வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் போல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, தனிச் சமையல், ஆனால் வீடு ஒன்றுதான். செஷனுக்குள் 'கடை' என்று ஓர் அரே (பல மதிப்புகளை ஒன்றாகப் போட்டுவைக்கும் பெட்டி), 'அறை' என்று இன்னொன்று; ஐடி, கூடை எல்லாம் அதனதன் உள்ளே. லாக்அவுட்டில் ஓர் அரேயை மட்டும் நீக்கினால் போதும், பக்கத்து அறைக்குச் சத்தமே கேட்காது. எழுத்து கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

மூன்றாவது, செஷன் பெயரையே ஆப்புக்கு ஒன்றாக மாற்றித் தனி வீடு கட்டிக்கொள்வது. சுத்தமான பிரிவு இதுதான். செஷனைத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு பக்கத்திலும் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் மறந்தால் அங்கே வெறும் செஷன் திறக்கும். என் முதலாளிக்கோ, அறையில் தங்குபவர் கூடையில் போட்ட மாவுருண்டை அறைப் பக்கத்திலும் தெரிய வேண்டும். ஆகவே எனக்கு இரண்டாவதுதான். இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை என்றால் மூன்றாவதை எடுங்கள்.

ஆனால் இந்த மூன்றும் எழுத்துப் பிழையைத் தடுக்காது. பிஎச்பியில் செஷனுக்குள் வைக்கும் பெயர்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் உண்டு. லாகினில் பெரிய 'யு', கூடையில் சின்ன 'யு' என்றால் இரண்டும் வேறு. மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பியிலிருந்து வந்தவர்கள் இதில்தான் வழுக்குவார்கள், அங்கே அந்தப் பேதம் கிடையாது. இல்லாத பெயரைப் படித்தால் பிஎச்பி 8 எச்சரிக்கை தரும். ஆனால் நாமே 'இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்' என்று சொல்லும் இரட்டைக் கேள்விக்குறி போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறோம். பிழை சத்தமில்லாமல் 'லாகின் செய்யவில்லை' என்று வேஷம் போடும். அதனால் பெயர்களையெல்லாம் ஒரே ஃபைலில் கான்ஸ்டன்ட்களாக, அதாவது ஒருமுறை எழுதினால் மாறாத மதிப்புகளாக, வைத்தேன். கான்ஸ்டன்ட் பெயரைத் தப்பாக அடித்தால் பிஎச்பி 8 அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். இரவு முழுக்க ஃபைல் ஃபைலாகத் தேடுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஒன்று மட்டும்: பெயர்களை மாற்றி ஏற்றியதும் அதுவரை லாகினில் இருந்த எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள், கூடையும் காலியாகத் தெரியும். தீபாவளி ஆர்டர் சமயத்தில் பட்டப்பகலில் அதைச் செய்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஏற்றுங்கள்.