கனவு இல்லமா, பிரதமர் வீடா?

கிராமத்தில் குடிசையில் இருப்பவர் அரசுப் பணத்தில் தளம் போட்ட வீடு கட்ட இப்போது இரண்டு வழி உண்டு. ஒன்று 2016-ல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். இன்னொன்று 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம். எதில் பணம் அதிகம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சரி, அதையே முதலில் பார்ப்போம்.

பிரதமர் வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். அதில் ஒன்றிய அரசு 72,000, மாநிலம் 48,000. 2016-ல் வைத்த இந்தத் தொகை இன்றுவரை ஏறவில்லை. செங்கல், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் அதற்குள் எங்கேயோ போய்விட்டன. கான்கிரீட் தளத்துக்கென்று தமிழக அரசு தனியாக 1,20,000 கொடுப்பதால்தான் இங்கே அந்த வீடுகள் எழும்புகின்றன. அதாவது மொத்தம் 2,40,000-ல் 1,68,000 மாநிலத்தின் பணம்.

கனவு இல்லத்துக்கு 3,10,000. 2024-25 நிலவரப்படி இரண்டிலுமே இதுபோக நூறு நாள் வேலையில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000-மும் உண்டு. அந்த ஆண்டுக் கூலி நாளுக்கு 319 ரூபாய் என்று கணக்குப் போட்டால், கனவு இல்லம் மூன்றரை லட்சத்தைத் தொடும். பிரதமர் வீடு 2,80,000 பக்கம் நின்றுவிடும்.

இடத்திலும் வித்தியாசம் இருக்கிறது. பிரதமர் வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், சுமார் 270 சதுர அடி. கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் தளம்; மீதி 60-க்குத் தீப்பிடிக்காத எதையாவது நம் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். அடுப்படிக்கோ திண்ணைக்கோ அந்த 60 அடி பெரிய உதவி.

ஆகக் கனவு இல்லம்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தேர்வு நம் கையில் இல்லை. பிரதமர் வீட்டுக்கு 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலோ அதன்பிறகு எடுத்த பட்டியலிலோ பெயர் இருக்க வேண்டும். கனவு இல்லம் குடிசைக் கணக்கெடுப்பைப் பார்க்கிறது. ஓட்டு வீடு ஒழுகினாலும் அது குடிசை இல்லை.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல், பணம் கட்டம் கட்டமாக வருவது. பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை நகர நகரத்தான் தவணை வரும். எங்கள் பக்கத்தில் வீட்டு ஆணை வாங்கிய ஒரு அக்கா குடிசையைப் பிரித்துவிட்டு, பக்கத்து வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார். தோண்டிய வாணத்தில் மழைத் தண்ணீர் நின்றது. கம்மலை அடகு வைத்த பிறகுதான் முதல் லோடு கருங்கல் வந்து இறங்கியது. கையில் எதுவுமே இல்லாத குடும்பம் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. தொகையை இன்னும் கூட்டுவதைவிட, அஸ்திவாரத்துக்கென்று ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தால் ஏழைகளுக்கு உண்மையில் உதவும்.

அப்புறம் பட்டா. மனை இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கும் பெயர் மாற்றத்துக்கும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டியல் வந்தபிறகு அலைய நாள் பத்தாது.