பிராட் மேட்ச்சா, எக்ஸாக்ட் மேட்ச்சா?

கூகுள் ஆட்ஸில் ஒரு கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்லை) சும்மா தட்டிச் சேர்த்தால் அது பிராட் மேட்ச்தான்; அதாவது, அதோடு தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் விளம்பரம் போகும். பலருடைய பணம் கரையத் தொடங்குவதும் இங்கேதான். 'தோல் செருப்பு' என்று கொடுத்திருப்பீர்கள். 'செருப்பு தைப்பது எப்படி' என்று தேடியவருக்கும் விளம்பரம் போகலாம். அவர் கிளிக் செய்வார், வாங்க மாட்டார். காசு மட்டும் போயிருக்கும்.

எக்ஸாக்ட் மேட்ச், அதாவது கொடுத்த சொல்லோடு அப்படியே பொருந்தும் தேடலுக்கான வகை, இப்படி அலையாது. ஆனால் பெயரை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம்: 2018 முதல், அதே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் அது விளம்பரத்தைக் காட்டுகிறது. ஆட்கள் குறைவு, வருபவர்கள் பெரும்பாலும் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள்.

அப்புறம் பிராட் எதற்கு? நமக்குத் தோன்றாத தேடல்களைப் பிடிக்க. ஆனால் கன்வர்ஷன் டிராக்கிங் (கிளிக் செய்தவர் வாங்கினாரா என்று பதிவு செய்வது) சரியாக இருக்க வேண்டும். வாராவாரம் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையை (மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியலை) பார்த்து, வேண்டாத சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக் கூடாத சொல்லாக, சேர்க்கவும் வேண்டும். நெகட்டிவ் கீவேர்டில் ஒருமையையும் பன்மையையும் தனித்தனியாகக் கொடுங்கள். அங்கே மட்டும் கூகுள் தானாக ஊகித்துக்கொள்ளாது!

பட்ஜெட் சின்னது என்றால் என் ஓட்டு எக்ஸாக்டுக்கே. விற்பனைத் தரவு ஓரளவு சேர்ந்த பிறகு, பிராடைத் தனி கேம்பெய்னில், தனி பட்ஜெட்டோடு விட்டுப் பார்க்கலாம்.