லினக்ஸ்ல ஆறு வருஷம்: எந்த டிஸ்ட்ரோன்னு கேக்கறவங்களுக்கு

2020 ஜனவரி 14-ஓட விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் நின்னுச்சு, அந்த வாரமே நான் விண்டோஸுக்கு பதிலா போடற இலவச சிஸ்டமான லினக்ஸ் பக்கம் வந்துட்டேன். கொள்கை கிள்கைன்னு ஒண்ணும் இல்ல, கையில இருந்தது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், புதுசு வாங்க மனசில்ல, அவ்ளோதான். இப்போ 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கும் வழக்கமான சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாம் "எந்த டிஸ்ட்ரோ போடலாம்"னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, டிஸ்ட்ரோன்னா உபுண்டு, மின்ட், டெபியன் மாதிரி லினக்ஸோட ஒவ்வொரு வகை, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல போட்டது உபுண்டு 18.04. என் மெஷினுக்கு அதுல வர்ற க்னோம்ங்கற டெஸ்க்டாப், அதாவது திரைல தெரியற மெனு, ஜன்னல் எல்லாம், தொளதொள சட்டை மாதிரி, ப்ரவுசர்ல பத்து டேப் தொறந்தா ஹார்ட் டிஸ்க் கரகரன்னு கத்த ஆரம்பிச்சுடும். ரெண்டு மாசத்துல மின்ட் 19.3, அதுலயும் எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் உள்ள எடிஷனுக்கு மாறினேன், மூச்சு வந்துச்சு. ஆனா உண்மைய சொல்லணும்னா டிஸ்ட்ரோ மாத்தினதுல கிடைச்ச வேகத்தை விட ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டதுல கிடைச்சதுதான் அதிகம். இதை யாரும் முதல்ல சொல்ல மாட்டேங்கறாங்க.

அங்கயே நின்னிருக்கலாம். நிக்கல. வாரம் ஒரு டிஸ்ட்ரோ எறக்கி பென் டிரைவ்ல போட்டு பாக்கற வியாதி புடிச்சுது, கடைசில ஒரு ரோலிங் ரிலீஸ் டிஸ்ட்ரோல போய் விழுந்தேன், பேர் வேண்டாம், தப்பு பாதி என்னோடது. எப்பவும் எல்லாமே லேட்டஸ்ட் வெர்ஷன், ஒரு வருஷம் ஜாலியா ஓடுச்சு. ஒருநாள் ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி சும்மா இருக்காம அப்டேட் அடிச்சேன், ரீபூட் பண்ணா கருப்பு ஸ்கிரீன், மேல இடது மூலைல ஒரு கோடு மட்டும் மின்னிட்டு இருக்கு. காலைல மீட்டிங். கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தினா வெறும் எழுத்துல லாகின் வருது, அப்பாடா, சாகல. லாக் எடுத்து பாத்தா சிஸ்டத்தோட மையமான கெர்னல் மட்டும் அடுத்த வெர்ஷனுக்கு போயிடுச்சு, கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் பழைய கெர்னலுக்கு கட்டினது, ரெண்டும் ஒட்டல. ஃபோன்ல தேடித்தேடி, முன்னாடி எறக்கினதெல்லாம் கிடக்கற பேக்கேஜ் கேஷ்ல இருந்த பழைய கெர்னலை திரும்ப போட்டு டெஸ்க்டாப் வர்றப்ப மணி ரெண்டரை.

அன்னைக்குத்தான் மண்டைல ஏறுச்சு. நாம தேர்ந்தெடுக்கறது டிஸ்ட்ரோவோட தோற்றத்தையோ ஐகானையோ இல்ல, அதெல்லாம் எதுலயும் மாத்திக்கலாம், அப்டேட் எந்த வேகத்துல வந்து நம்ம தலைல விழணும்கறதைத்தான். ஆர்ச் மாதிரி ரோலிங்னா தினமும் ஏதாவது வரும், வாரக்கணக்குல விட்டு வச்சா மொத்தமா வரும். ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் 13 மாசம் போலதான் ஆயுள். உபுண்டுவோட எல்டிஎஸ், அதாவது நீண்ட நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஏப்ரல்ல, அஞ்சு வருஷம் சப்போர்ட், மின்ட் அது மேலதான் நிக்குது. டெபியன் ஸ்டேபிள் கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, நடுவுல பெரும்பாலும் செக்யூரிட்டி திருத்தம் மட்டும். உங்களுக்கு எது தாங்கும்னு பாத்துக்கோங்க, எனக்கு டெபியன் தாங்குது.

2023 ஜூன்ல டெபியன் 12 வந்ததும் மாறினேன். முன்னாடி எல்லாம் வைஃபை வேலை செய்ய வேணுங்கற ஃபர்ம்வேர் ஃபைல் உள்ள இன்ஸ்டாலரை தனியா தேடி எடுக்கணும், 12-ல இருந்து அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர்லயே வருது, அதனால வலி இல்ல. வலி வந்தது வேற எடத்துல. நம்ம ஃபைல் எல்லாம் இருக்கற ஹோம் பகுதியை டிஸ்க்ல தனி பார்ட்டிஷனா வச்சிருந்தேன், ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்ல, நம்ம சாமர்த்தியம்னு நெனச்சு புது சிஸ்டத்துல அதையே மாட்டினேன். ஃபைல் இருந்துச்சு, சரிதான், அதோட மறைஞ்சு கிடக்கற செட்டிங்ஸ் ஃபைல்களும் இருந்துச்சு. திரை ஓரத்துல இருக்கற பேனல் காணோம். ஃபயர்ஃபாக்ஸை தொறந்தா, இந்த ப்ரொஃபைல் உன்னை விட புது வெர்ஷன்ல ஓடினது, புதுசா ஒண்ணு உருவாக்கிக்கோன்னு சொல்லிடுச்சு. டெபியன்ல வர்றது இஎஸ்ஆர்ங்கற நீண்ட நாள் சப்போர்ட் வெர்ஷன், கொஞ்சம் பழசு, நான் வந்தது லேட்டஸ்ட்ல இருந்து, அது சொன்னதும் நியாயம்தான். சிங்க் போட்டிருந்ததால புக்மார்க் தப்பிச்சுது. தனி ஹோம் நல்லதுதான், ஆனா புதுசுல இருந்து பழசுக்கு எறங்கறப்ப யூசர் பேரை மாத்தி வச்சு, வேணுங்கற ஃபோல்டரை மட்டும் இழுத்துக்கோங்க. அதே மாதிரி மின்ட்ல வர்ற, சிஸ்டத்தை பழைய நிலைக்கு கொண்டு போற டைம்ஷிஃப்ட் டூலை பேக்கப்னு நம்பிடாதீங்க, டீஃபால்ட்டா அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும், உங்க ஃபோட்டோவை இல்ல.

தமிழ் டைப்பிங் பத்தி எல்லாரும் கேப்பாங்க. ஐபஸ்ங்கற டைப்பிங் டூல், கூடவே எம்17என்ங்கற கீபோர்டு பேக்கேஜ், ரெண்டையும் போட்டா தமிழ்99 கீபோர்டு வந்துடும். 'அ', அப்புறம் 'ம' ரெண்டு தடவை, 'ஆ' தட்டினா அம்மான்னு விழும், புள்ளி தானா வரும். நோட்டோ தமிழ் ஃபான்ட்டும் போட்டுட்டா போதும். யூனிகோடு இல்லாத பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் இருந்தா மட்டும் கன்வெர்ட்டர் தேடணும், அது எந்த சிஸ்டத்துலயும் உள்ள தலைவலி.

ஆபீஸ்ல இருந்து வர்ற வேர்ட் ஃபைல், வேர்டுக்கு பதிலா இங்க இருக்கற லிப்ரேஆபீஸ்ல பக்கம் மாறி மாறி நிக்குதுன்னு நானும் ரொம்ப நாள் பொலம்பினேன். பாதி பிரச்சனை ஃபான்ட்தான். கலிப்ரிக்கு பதிலா கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு பதிலா கலேடியா, எழுத்தோட அகலம் அச்சு அசலா ஒண்ணுதான், இந்த ரெண்டையும் போட்டதுக்கு அப்புறம் பக்கம் நின்ன எடத்துல நிக்குது. மேக்ரோ வச்ச எக்செல்னா வாய தொறக்காதீங்க.

2025 ஆகஸ்ட்ல டெபியன் 13 வந்துச்சு, ஒரு மாசம் பொறுத்து, அப்டேட் எங்கருந்து வரணும்னு சொல்ற சோர்ஸஸ் ஃபைல்ல 12-ஓட பேரான புக்வார்ம்னு இருந்த எடத்துல எல்லாம் 13-ஓட பேரான டிரிக்ஸின்னு மாத்தி ஒரு மத்தியானத்துல ஏத்திட்டேன். ரீஇன்ஸ்டால் பண்ணல, 2023-ல போட்ட அதே சிஸ்டம்தான் ஓடுது. உங்ககிட்ட இருக்கறது 32 பிட் மெஷின்னா 13-க்கு இன்ஸ்டாலரே கிடையாது, அதை இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

பிரின்டர் டிரைவரே கேக்காம வேலை செய்யுது. ஸ்கேனர்தான் இன்னைக்கு வரைக்கும் மசியல. அதுக்காகவே 60 ஜிபில ஒரு விண்டோஸை தூங்க வச்சிருக்கேன், மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா எழுப்புவேன், எழுந்ததும் கடிகாரத்தை தப்பா காட்டும், ஏன்னா மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் யுடிசிங்கற உலகப் பொது நேரத்தை எழுதி வைக்குது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்குது. ஒரே ஒரு கமாண்ட்ல சரி பண்ணிடலாம். ஆறு வருஷமா நாளைக்கு பண்ணிக்கலாம்னு இருக்கேன்.