துடுப்பு வலித்தவர்கள் எங்கே: ராயபுரம் படிப்பகத்தின் கிரேக்க–பாரசீகப் போர்ப்படத் திரையிடல்

ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய படிப்பகம், பண்டைய கிரேக்கர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடந்த போர்களைப் பற்றிய நான்கு படங்களை வாரம் ஒன்றாகத் திரையிட்டது. ஒவ்வொரு படத்தோடும் வரலாற்று விளக்கமும் கலந்துரையாடலும் இருந்தன. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். மாணவர்களுக்கு அதுவும் இல்லை. படத்தை முழுதாக ஓடவிட்டு முடிவில் பேசும் வழக்கத்தை விட்டுவிட்டு, முக்கியமான இடங்களில் நிறுத்தி, அருகிலேயே சிற்பங்களின் படங்களைக் காட்டி ஒப்பிட்டார்கள். கதையில் லயிக்க வருபவர்களுக்கு இது இடையூறாக இருக்கலாம். போர் எப்படி நடந்தது என்று அறிய விரும்புவோருக்கு இதைவிடப் பயனுள்ள முறை கிடையாது.

2007இல் திரைக்கு வந்த '300' படத்தின் அமர்விலேயே இம்முறையின் பலம் தெரிந்தது. கி.மு. 480இல் தெர்மோபிலைக் கணவாயில் பாரசீகர்களை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ், ஒவ்வொரு வீரனின் கேடயமும் தனக்கு இடப்பக்கம் நிற்பவனைத் தொடை முதல் கழுத்து வரை காக்கிறது என்று அப்படத்தில் சொல்கிறான். அது உண்மை. ஆனால் அதைச் சொன்ன படமே, முதல் மோதலின் சில நொடிகளுக்குப் பிறகு அணியைக் கலைத்துவிட்டு, மார்புக் கவசமில்லாத வீரர்களைத் தனித்தனியாகத் துள்ளிக் குதித்துச் சண்டையிட வைக்கிறது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டை வட்டங்களையும் இரண்டரை மீட்டர் நீள மூங்கில் கழிகளையும் பார்வையாளர்களிடம் கொடுத்துத் தோளோடு தோள் நிற்கச் சொன்னார் அமர்வை நடத்திய இளைஞர். வரிசையில் ஒருவர் ஓரடி முன்னே வந்தாலும் பக்கத்திலிருப்பவரின் வலப்பக்கம் திறந்துபோவதை அனைவரும் கண்ணால் கண்டார்கள். தனி வீரனின் சாகசம் அந்தப் போர்முறையில் வீரமாகக் கருதப்பட்டிருக்காது என்பதைப் புரியவைக்க அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பாரசீகர்களை அப்படம் நடத்தும் விதத்தைப் பற்றி அவர் பேசியபோது குரலில் கோபம் இருந்தது. எனக்கும் அதே கோபம் உண்டு. பத்தாயிரம் பேர் கொண்ட 'சாவில்லாதவர்கள்' படைக்கு உலோக முகமூடியும் கோரமுகமும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவனின் இடத்தில் உடனே மற்றொருவனை நிறுத்தி எண்ணிக்கை குறையாமல் காத்ததால்தான் அப்பெயர் வந்தது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருக்கிறார். சூசா அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள வண்ணச் செங்கல் சுவரில், பூவேலைப்பாடுள்ள நீண்ட அங்கி, தலையில் பட்டை, கையில் ஈட்டி, தோளில் வில் என்று பாரசீக வீரர்கள் கம்பீரமாக நிற்கும் படத்தைத் திரையில் காட்டியதும் அறையே அமைதியானது. தெர்மோபிலைக்கு மறு ஆண்டு பிளாட்டீயாவில் நடந்த போரில் பாரசீகர்கள் துணிவிலும் உடல்வலிமையிலும் கிரேக்கர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை, கனமான கவசமும் அணிப்பயிற்சியும் இல்லாமையே அவர்களை வீழ்த்தியது என்று பதிந்தவரும் அதே கிரேக்க வரலாற்றாசிரியர்தான். விடுதலையைப் பற்றி ஓயாமல் முழங்கும் இப்படத்தில் ஸ்பார்ட்டாவின் வயல்களில் உழைத்த ஹெலட் அடிமைகளைக் காண முடியாது. ஸ்பார்ட்டர்களோடு இறுதிவரை நின்று மடிந்த, தெஸ்பியை என்ற கிரேக்க நகரத்தைச் சேர்ந்த 700 வீரர்களும் காணாமல் போயிருக்கிறார்கள்.

1962ஆம் ஆண்டின் 'தி 300 ஸ்பார்ட்டன்ஸ்' பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. கிரேக்க நாட்டிலேயே, அந்நாட்டு ராணுவத்தினரைக் கொண்டு எடுக்கப்பட்டதால் கூட்டத்துக்கு ஓர் உண்மையான எடை இருக்கிறது. காதல் கதை அலுப்பூட்டுகிறது.

நான்கில் போரை மதித்து எடுக்கப்பட்ட படம் 2004இன் 'அலெக்சாண்டர்' என்பது என் முடிவு. கி.மு. 331இல் நடந்த காகமேலாப் போரின் புழுதி, ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள சரிசா ஈட்டிகளின் காடு, இடது அணியில் அலெக்சாண்டரின் தளபதி பார்மேனியன் நெருக்கடியில் தவிக்கும்போது வலப்புறமிருந்து குதிரைப்படை பாரசீக நடுவணியின் இடைவெளிக்குள் பாய்வது ஆகியவை பண்டைய நூல்களின் விவரிப்புக்கு நெருக்கமானவை. ஆலோசகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ் அக்குதிரைப் பாய்ச்சலில் தாமே கலந்துகொண்டார். ஆனால் இந்தியாவுக்கு வந்ததும் அந்தக் கவனம் கைவிடப்படுகிறது. ஜீலம் ஆற்றங்கரையில் போரஸுடன் நடந்த போர் அடர்ந்த காட்டுக்குள் நடப்பதாகக் காட்டப்படுகிறது. உண்மையில் பின்னொரு நாள் மல்லர் என்ற இனக்குழுவின் கோட்டையில் அலெக்சாண்டர் மார்பில் வாங்கிய அம்பும் இங்கேயே அவன்மீது பாய்கிறது.

கடைசி வாரம் திரையிடப்பட்ட, 2014இல் வெளிவந்த '300: ரைஸ் ஆஃப் அன் எம்பயர்' கடற்போரைப் பற்றியது என்பதால் காசிமேட்டிலிருந்து படகுக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். பிழைகளை எண்ணத் தொடங்கினால் முடியாது. மாரத்தான் போரில் பாரசீக மன்னன் டேரியஸ் அம்பு பட்டு வீழ்கிறான். உண்மையில் அவன் அப்போருக்கே வரவில்லை, நான்கு ஆண்டுகள் கழித்தே இறந்தான். பாரசீகத் தரப்பில் ஐந்து கப்பல்களோடு வந்து, சலாமிஸ் நீரிணையில் போரிட வேண்டாம் என்று பாரசீக மன்னன் செர்க்சஸிடம் துணிந்து சொன்ன ஹாலிகார்னாசஸ் அரசி ஆர்ட்டெமிசியா, முழுக் கடற்படைக்கும் தலைவியாகி, ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளீஸின் வாளுக்குப் பலியாகிறாள். அவள் போரிலிருந்து உயிரோடு திரும்பியவள்.

அவற்றைவிட அங்கிருந்தவர்களை உறுத்தியது கப்பலின் அடித்தட்டுதான். பாரசீகக் கப்பலில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுச் சாட்டையடி வாங்கும் அடிமைகளைக் காட்டியபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, சங்கிலியில கட்டி வச்சவன் எப்படிப்பா ஒரே தாளத்துல துடுப்பு வலிப்பான்? அம்பாப் பாட்டு எடுத்தாத்தான் கை ஒண்ணா வரும்."

"சரியாச் சொன்னீங்க ஐயா. அந்தக் கப்பல்லயும் தாளத்துக்குக் குழல் ஊதறதுக்குன்னே ஒருத்தர் இருந்தாரு" என்றார் இளைஞர்.

அதன்பின் நடந்த உரையாடல்தான் இத்தொடரின் உச்சம். மூன்றடுக்குத் துடுப்புக் கப்பலான டிரைரீமில் 170 பேர் துடுப்பு வலித்தார்கள். லாரியன் வெள்ளிச் சுரங்கத்தின் வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளாமல் கப்பல் கட்ட வேண்டும் என்று தெமிஸ்டோக்ளீஸ் ஏதென்ஸ் மக்களை இணங்கவைத்ததால் உருவான கடற்படை அது. சலாமிஸில் ஏதென்ஸ் நிறுத்திய 180 கப்பல்களிலும் முழு ஆள் இருந்திருந்தால், 30,000க்கும் மேற்பட்டவர்கள் துடுப்பு பிடித்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள். நகரின் அரசியலில் பின்னாளில் அவர்கள் குரல் ஓங்கியதற்கு இந்த உழைப்பே அடிப்படை. பாரசீகத் தரப்பிலும் ஃபினீஷியர், எகிப்தியர், சைப்ரஸ்காரர், அயோனியக் கிரேக்கர் என்று தொழில் தெரிந்த கடலோடிகளே கப்பல் செலுத்தினார்கள். கடற்காற்று எழுந்து நீரிணையில் அலை புரளும் வேளைக்காகத் தெமிஸ்டோக்ளீஸ் காத்திருந்தார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருப்பதைச் சொன்னபோது, படகுக்காரர்கள் தலையசைத்தார்கள். அந்தக் காத்திருப்பைக் காட்டாத படம், கப்பல் மேல்தளங்களின் வழியே தெமிஸ்டோக்ளீஸைக் குதிரையில் பாயவிடுகிறது. அப்போரில் தாமே பங்கேற்றதாகக் கருதப்படும் ஈஸ்கிலஸ், கி.மு. 472இல் அரங்கேற்றிய நாடகத்தில், நீரில் தத்தளித்த பாரசீகர்களை உடைந்த துடுப்புகளால் சூரை மீன்களை அடிப்பதுபோல் அடித்துக் கொன்றதாக எழுதியிருக்கிறார். வெற்றி பெற்ற ஊரின் கவிஞரே மறைக்காமல் சொன்ன அந்தக் கொடுமையைக் கோடிக்கணக்கில் செலவழித்த படம் தொடவே இல்லை.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி தெளிவாக இல்லை. தெருவில் லாரி போனால் வசனம் கேட்காது. ஒவ்வொரு வாரமும் தந்த நான்கு பக்கக் குறிப்பேடு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வரைபடம் ஒன்றுகூட இல்லை. சலாமிஸ் நீரிணையின் ஒடுக்கத்தை அறியாதவருக்கு அப்போர் விளங்காது. '300' படங்கள் இரண்டிலும் ரத்தமும் பாலுறவுக் காட்சிகளும் மிகுதியாக இருக்க, மாணவர்களுக்கு இலவசம் என்று அறிவித்துவிட்டு வயது வரம்பைச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு. சில பெற்றோர்கள் பாதியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். தொடரை மீண்டும் நடத்தும் எண்ணம் இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அப்போது பள்ளிப் பிள்ளைகளை 'அலெக்சாண்டர்' படத்தின் காகமேலாப் பகுதிக்கு மட்டும் அனுப்பலாம்; பெரியவர்கள் வேறெதைத் தவறவிட்டாலும் சலாமிஸ் அமர்வைத் தவறவிடாமல், கலந்துரையாடல் முடியும்வரை இருப்பது நல்லது.