வாடகை வீட்டுக்கு எந்த இரும்பு ராக்?

தட்டின் உயரத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் ராக் விற்பவர் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் அரிசி டின்னுக்கும் கிரைண்டருக்கும் அளவு பார்த்து ஒருமுறை பொருத்திவிட்டால், அப்புறம் பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. ராக்கின் சமாச்சாரம் வெளியே வருவது வீடு மாறும்போது. பிரித்து டாடா ஏஸில் படுக்கப்போட முடிகிறதா, புது வீட்டுச் சுவரில் இடம் ஆறு இன்ச் குறைந்தால் என்ன வழி, ஒரு தட்டு நசுங்கினால் அதே தட்டு மறுபடி கிடைக்குமா? இப்படிப் பார்த்தால் கடையில் பளபளப்பாக நிற்பது பின்னுக்குப் போய்விடும்.

மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பார்த்துப் பழகிய ஸ்லாட்டட் ஆங்கிள் ராக்கைத்தான் நான் முதலில் வைப்பேன். நெடுக துளை போட்ட நான்கு ‘எல்’ வடிவக் கால்கள், ஓரம் மடித்த தகட்டுத் தட்டுகள், நட்டு போல்ட். அவ்வளவுதான். லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கோமினோ, தேவை மாறும்போதெல்லாம் மரச் சட்டத்தைப் பிரித்து வீணாக்குவது பொறுக்காமல் யோசித்த பொருள் இது. 1947-இல் டெக்ஸியான் என்ற நிறுவனம் தொடங்கி விற்க ஆரம்பித்தார். இன்று இந்த ஆங்கிள் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. 3 அடி நீளம், 12, 15 அல்லது 18 இன்ச் அகலம் என்று தட்டுகள் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன. வேறு கடையில் வாங்கிய தட்டையும் பெரும்பாலும் உங்கள் காலில் மாட்டிவிடலாம். பரணுக்கு உயரம் இடித்தால் ஹேக்ஸா பிளேடால் காலை அறுத்துக்கொள்ளலாம். அறுத்த முனையில் மட்டும் பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். நவராத்திரிக்குக் கொலுப்படியே இந்த ஆங்கிளில் கட்டுகிறார்கள். இதைவிட வளைந்துகொடுக்கும் சாமானை நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூலைக்கு இரண்டு போல்ட் என்றால் தட்டுக்கு எட்டு, ஐந்து தட்டுக்கு நாற்பது. தட்டின் ஓரம் சில சமயம் விரலைக் கீறும். ஹாலில் வைத்தால் குடோன் மாதிரிதான் இருக்கும்.

வாங்கும்போது ஏமாறுவது கேஜ், அதாவது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண், விஷயத்தில். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 14 கேஜ் சுமார் 2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. காலுக்கு 14, தட்டுக்கு 20 என்று கேட்டு வாங்குங்கள். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ஆனால் தராசு சொல்லிவிடும். 3 அடிக்கு ஒன்றரை அடித் தட்டு 20 கேஜில் ஓரமடிப்போடு சேர்த்து மூன்றரை கிலோவுக்கு மேல் நிற்கும். 22 என்றால் மூன்று கிலோவை ஒட்டித்தான் வரும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நிறுத்துப் பார்க்கலாம். தட்டுக்கு இத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கும் எடை தட்டு முழுக்கப் பரவியிருந்தால்தான் செல்லும். தண்ணீர் கேனை நடுவில் வைத்தால் இருபது கிலோவும் ஒரே இடத்தில் இறங்கும். மெல்லிய தட்டு அங்கே குழிந்துவிடும்.

அடுத்தது, இணையக் கடைகளில் நிறைய விற்கும் போல்ட் இல்லாத ராக். காலில் சாவித்துவாரம் போன்ற ஓட்டை, குறுக்குச் சட்டத்தில் ரிவெட். மேலிருந்து உட்காரவைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் இறுகிவிடும். ஸ்பேனர் தேவையில்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும். எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒரு கம்பெனியின் சட்டம் இன்னொரு கம்பெனியின் காலில் உட்காரும் என்று நம்ப முடியாது. அந்த மாடலை நிறுத்திவிட்டால் உதிரி கிடைக்காது. இன்னொன்று, பலவற்றில் தட்டு எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. வீடு கழுவும் தண்ணீரும் ஒழுகும் பாத்திரமும் அதை ஊதவைத்துவிடும். சொந்த வீடு, உலர்ந்த அறை, புத்தகம், துணிப்பெட்டி என்றால் இதையே வாங்கலாம்.

குரோம் பூசிய கம்பி ராக் சமையலறைக்காரர்களின் செல்லம். வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் காற்றோட்டம் கிடைக்கும், சக்கரம் போட்டால் இழுத்துப் பெருக்கலாம். உருண்டைக் காலில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். இரண்டு பாதியாக உள்ள பிளாஸ்டிக் பட்டையை வேண்டிய பள்ளத்தில் கவ்வவிட்டு, மேலிருந்து தட்டை இறக்கினால் அதன் கூம்பு வளையம் பட்டையின் மேல் இறுகும். எடை ஏற ஏற இன்னும் இறுகும், அருமையான யோசனை. ஆனால் நடுத்தட்டை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால் மேலே உள்ள தட்டுகளை எல்லாம் உருவி எடுக்க வேண்டும். சின்ன டப்பாக்கள் கம்பிகளுக்கு நடுவில் சாயும். மேலே ஷீட் ஏதாவது விரிக்காமல் முடியாது. பெசன்ட் நகர், தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில் மலிவான குரோம் பூச்சு புள்ளிபுள்ளியாகத் துருப்பிடித்துவிடும். அங்கே பவுடர் கோட்டிங் செய்ததே தேவலை.

சுவரில் சேனல் அடித்துப் பிராக்கெட் மாட்டும் வகையும் உண்டு. தரை இடமே பிடிக்காது. ஆனால் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அப்புறம் சுவரும் சம்மதிக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் நிற்காது.

எதை வாங்கினாலும் கனமானது கீழ்த்தட்டில்தான். ஓர் அடி அகலத்தில் ஏழு அடி உயரம் நிற்கும் ராக்கில் குழந்தை ஏறினால் சாய்ந்துவிடும். மேலே ஓரிடத்திலாவது சுவரோடு பிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு துளைக்காக வீட்டுக்காரரிடம் பேசிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஸ்லாட்டட் ஆங்கிளைப் பழையதாகவும் வாங்கலாம், கடையை மூடுபவர்கள் பாதி விலைக்குக்கூடத் தள்ளிவிடுவார்கள். தட்டின் நெளிவைப் பெரிதாக நினைக்காதீர்கள், அது தட்டினால் சரியாகும். காலின் அடி நான்கு இன்ச்சை மட்டும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தக் காலை விட்டுவிட்டுத் தட்டுகளுக்கு மட்டும் விலை பேசுங்கள்.