பெயர் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள்: முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இருக்கிறேன். ஆறு வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகளை அரிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். இந்த நோய்க்கு மோசமான நேரம் விடிகாலைதான். விரல் மடங்காது. குழாயைத் திருகவும் பிளவுஸ் கொக்கி மாட்டவும் ஆள் வேண்டும். விறைப்பு இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் வாதநோய் நிபுணரைப் பார்க்கத் திருவனந்தபுரம் போக அந்த நேரத்தில்தான் கிளம்பியாக வேண்டும். களியக்காவிளையில் பஸ் மாறி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, வீடு திரும்ப இருட்டிவிடும். துணைக்கு வரும் அண்ணனுக்கு அன்றைய ரப்பர் பால்வெட்டுக் கூலி போய்விடும்.

இந்த அலைச்சலைத் தெரிந்துகொண்டுதான் பெயர் இல்லாத மாத்திரை விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள். போன வருடம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மையத்தின் பலகையை மைனி பார்த்துவிட்டு வந்து சொன்னார்: மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர், ஞாயிறுதோறும் வருகை. போனேன். அந்தச் 'சிறப்பு மருத்துவர்' என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவ்வளவு நேரம் என் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை. "நீங்கள் சாப்பிட்ட மருந்துதான் அக்கா மூட்டைக் கெடுத்தது, அதை நிறுத்துங்கள்" என்றார். முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்த வாரம் ஒரு நாள் சாப்பிட்டுவந்த மெத்தோட்ரெக்சேட் மருந்தை அன்றோடு நிறுத்தினேன். மூன்று மாதத்துக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். ரசீது இல்லை. வெள்ளை உறைகளில் உதிரியாக இளஞ்சிவப்பு மாத்திரைகள், ஒரு பொட்டலம் பொடி. எல்லாம் மூலிகை என்றார்.

மூன்றாம் நாள் காலையில் மகளுக்கு நானே தலை பின்னிவிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவளும் அழுதாள், நானும் அழுதேன். அந்தக் காலையை நினைத்துத்தான் அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டினேன்.

பிறகு முகம் உருண்டையாக வீங்கியது. லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டியது. இல்லாத சர்க்கரை 290 காட்டியது. கேட்டதற்கு, உடம்பு தேறுகிறது என்றார். ஆறாம் மாதம் மாத்திரை தீர்ந்த நேரத்தில் மையம் பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் வாந்தி, எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் அந்த உறையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இரண்டு மூன்று நாளிலேயே வலி போய்விட்டதா?" அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தது. அந்த மாத்திரை, வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து அது மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. ஆகவே என்னைப் போல் யாராவது இப்போது அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மீதி மாத்திரையை எடுத்துக்கொண்டு இன்றே ஒரு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு விஷமல்ல. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும்; அதுவரை தாங்க, நல்ல டாக்டர்களும் சிறிய அளவில் தருவார்கள். ஆனால் பெயர் சொல்லி, மில்லிகிராம் எழுதி, சர்க்கரையையும் எலும்பையும் கவனித்துத் தருவார்கள். எனக்கு வலியை மட்டும் மூடி வைத்தார்கள். நோய் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என் வலது மணிக்கட்டு இனி முழுதாக மடங்காதாம்.

சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அது இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எனக்குத் தந்த சீட்டில் ஒரு ரப்பர் முத்திரை மட்டுமே இருந்தது. அட்டை இல்லாத உதிரி மாத்திரையைக் கொடுத்துப் பெயர் சொல்ல மறுத்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நாகர்கோவிலில் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ரசீது இல்லாததால், பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு வெள்ளை உறைகளையும் எறியவில்லை. திங்கட்கிழமை மருந்து ஆய்வாளரிடம் அவற்றைக் கொடுக்கப் போகிறேன்.