மேப்லிப்ரேவின் ‘இரண்டு விரல்’ வசதி: ஐஃப்ரேமுக்குள் வைத்துப் பார்த்த அனுபவம்

போனில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டே கீழே வருகிறோம். நடுவில் ஒரு மேப். கட்டைவிரல் அதன்மேல் பட்டதும் பக்கம் நின்றுவிடுகிறது, மேப் மட்டும் எங்கேயோ நகர்ந்து போகிறது. மறுபடி தேய்த்தால் மறுபடியும் மேப்தான் நகர்கிறது.

மற்றவர்களின் தளங்களில் ஐஃப்ரேமாக, அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டமாகப் பதிக்கிற மேப்களைச் செய்து கொடுப்பது என் வேலை. முன்பு வேறொரு மேப் சேவையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒருநாள் அத்தை போன் செய்து, “நீ செஞ்ச பக்கம் பாதியிலேயே நின்னுபோச்சுப்பா, கீழ போகவே மாட்டேங்குது” என்றார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சின்னத் திரையில் மேப் மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்தைப் பிடித்து இழுக்க ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை, அவர் தேடிய தொடர்பு எண்ணோ அதற்குக் கீழே இருக்கிறது. எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் மேப்லிப்ரே என்ற மேப் நூலகத்துக்கு (தளத்தில் மேப் காட்டுவதற்காகத் தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு) மாறினேன். இந்த விமர்சனம் முழு நூலகத்தைப் பற்றியது இல்லை, அதில் இருக்கும் ‘கோஆபரேட்டிவ் ஜெஸ்சர்ஸ்’ என்ற ஒரே ஒரு அமைப்பைப் பற்றியது.

மேப்லிப்ரே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் மேப் நூலகத்தின் உரிமத்தை மாற்றியபோது, பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்துத் தனியாகக் கிளைத்த ஓப்பன் சோர்ஸ் திட்டம். இலவசம்.

மேப்பை உருவாக்கும்போது அந்த அமைப்பை ‘ட்ரூ’ (இயக்கு) என்று வைத்தால் போதும். ஒரு விரலால் தேய்த்தால் பக்கம் ஸ்க்ரோல் ஆகும், இரண்டு விரலால் இழுத்தால் மேப் நகரும். கணினியில் கன்ட்ரோல் விசையை (மேக் என்றால் கமாண்ட் விசையை) அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால்தான் ஜூம் ஆகும். பார்க்க இவ்வளவுதான், ஆனால் இதை நானே கையால் செய்ய முயன்று பல வாரம் தோற்றவன் என்பதால் இதன் அருமை எனக்குத் தெரியும். மேப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளை விரித்து, ஒருமுறை தட்டினால் அது விலகும்படி செய்தேன். தட்டிய பிறகு பழைய சிக்கல் அப்படியே திரும்பி வந்தது. விரல் நகரும்போது பிரவுசர் தெரிவிக்கும் டச்மூவ் நிகழ்வைப் பிடித்து விரல்களை எண்ணிப் பார்த்து, ஒன்று என்றால் ஸ்க்ரோலை விடலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. காரணம் இதுதான்: விரல் திரையில் பட்ட அந்தக் கணத்திலேயே, அந்த இடத்தின் ‘டச்-ஆக்‌ஷன்’ என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதும் மொழி) பண்பைப் பார்த்து, இந்த அசைவு தனக்கா பக்கத்தின் ஸ்கிரிப்ட்டுக்கா என்று பிரவுசர் தீர்மானித்துவிடுகிறது. விரல் நகரத் தொடங்கிய பிறகு அந்தப் பண்பை மாற்றினாலும் அந்த அசைவுக்கு அது செல்லாது.

வழக்கமாக மேப் நூலகங்கள் இந்தப் பண்பை ‘நன்’ (பிரவுசருக்கு எதுவும் இல்லை) என்று வைத்து எல்லா அசைவையும் தாங்களே எடுத்துக்கொள்கின்றன, மேப்லிப்ரேயும் சாதாரணமாக அப்படித்தான். இந்த அமைப்பைப் போட்டதும் அது ‘பேன்-எக்ஸ் பேன்-ஒய்’ என்று மாறுகிறது, அதாவது ஒரு விரல் ஸ்க்ரோல் முழுக்கப் பிரவுசரின் பொறுப்பு. அதனால் ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போகிறது, மேப்பைத் தாண்டும்போது திக்குவதில்லை. ஐபோனில் சஃபாரி இந்த மதிப்புகளை ஐஓஎஸ் 13-இல் இருந்துதான் புரிந்துகொள்கிறது, ரொம்பப் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

சரி, ஐஃப்ரேமுக்குள் வைத்தால் என்ன ஆகிறது? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான், நேரமும் இங்கேதான் போனது. முதல் தடவை பதித்துப் பார்த்தபோது ஒரு விரல் ஸ்க்ரோல் வேலை செய்யவில்லை. மேப்லிப்ரேமீது சந்தேகப்பட்டு இரண்டு நாள் கழிந்தது, ஆனால் தவறு அதனுடையது இல்லை. ஐஃப்ரேமுக்குள் இருக்கும் பக்கத்தின் பாடி உறுப்புக்கு (உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பகுதி) பிரவுசர் தானாகவே 8 பிக்சல் ஓர இடைவெளி கொடுக்கிறது. மேப்பின் உயரத்தை நூறு சதவீதம் என்று வைத்திருந்தேன், ஓரமும் சேர்ந்ததும் உள்ளே இருக்கும் பக்கம் சட்டத்தைவிடச் சில பிக்சல் நீளமாகிவிட்டது. உள்ளே ஸ்க்ரோல் ஆக அந்தக் கொஞ்ச இடம் இருந்தாலே போதும், விரல் அசைவை உள்பக்கம் பிடித்துக்கொள்கிறது, முட்டி நின்ற பிறகும் அதே அசைவை வெளிப்பக்கத்துக்கு விடுவதில்லை. ஓரத்தைப் பூஜ்ஜியமாக்கினேன், உடனே சரியானது.

இன்னொன்று, ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்’ என்ற சிஎஸ்எஸ் பண்பு. பக்கத்தைக் கீழே இழுத்தால் ரீஃப்ரெஷ் ஆவதைத் தடுக்க நிறையப் பேர் இதைப் பழக்கமாக எல்லாப் பக்கத்திலும் எழுதிவிடுவார்கள், நானும் எழுதியிருந்தேன். உள்ளே முடிந்த ஸ்க்ரோல் வெளியே தொடரக்கூடாது என்பதுதான் அதன் வேலையே. வெளியே தொடர வேண்டும் என்று நாம் ஆசைப்படும் ஐஃப்ரேமுக்குள் அதற்கு இடமில்லை, எடுத்துவிடுங்கள்.

இப்போது குறைகள். ஒரு விரலால் மேப்பைக் கடக்கும்போது மேப் லேசாக இருண்டு, “இரண்டு விரலைப் பயன்படுத்துங்கள்” என்ற அறிவிப்பு வந்து மறைகிறது. மேப்பை நகர்த்த நினைத்தவருக்கு இது உதவி, சும்மா கீழே போகிறவருக்குத் தொந்தரவு. அந்த இருட்டை சிஎஸ்எஸ் மூலம் குறைத்துவிட்டேன். அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும், ஆனால் மேப்பை உருவாக்கும்போதே ‘லொக்கேல்’ என்ற மொழி அமைப்பில் நம் வாசகத்தைக் கொடுக்கலாம். “மேப்பை நகர்த்த இரண்டு விரலால் இழுக்கவும்” என்று வைத்திருக்கிறேன். தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அந்த ஒரு வரி புரியாவிட்டால் மேப் கெட்டுப்போய்விட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

ஒரே கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விரல் என்பது உண்மையிலேயே கஷ்டம். ஜூம் பொத்தான்களை நாமே சேர்க்க வேண்டும். முழுத்திரைப் பொத்தானையும் சேர்த்தேன், முழுத்திரையில் இந்த அமைப்பு தானாகவே விலகி ஒரு விரலுக்கே மேப் நகர்கிறது. மிகச் சரியான முடிவு, அங்கே ஸ்க்ரோல் செய்யப் பக்கமே இல்லையே. ஆனால் ஐஃப்ரேமுக்கு முழுத்திரை அனுமதியை வெளிப்பக்கம் கொடுத்திருக்க வேண்டும். மேப்பைச் சாய்த்துப் பார்க்க இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் வேண்டியிருக்கும், அதை யாரும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை.

இது மேப்புக்கு மட்டுமான மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீளமான படிவமோ அட்டவணையோ ஐஃப்ரேமுக்குள் இருந்தால், உள்ளே இருக்கும் பக்கம் தன் உயரத்தைப் போஸ்ட்மெசேஜ் (ஒரு பக்கம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் வசதி) வழியாக வெளியே சொல்லி, சட்டத்தை அந்த அளவுக்கு நீட்டிவிடுவதுதான் நல்லது. உள்ளே ஸ்க்ரோலே இல்லையென்றால் சண்டையும் இல்லை.

என் பெரிய மனக்குறை, இந்த அமைப்பு முன்னிருப்பாக அணைந்தே இருப்பதுதான். கூகுள் மேப்ஸை நிரல் மூலம் நம் பக்கத்தில் சேர்க்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐயில் ‘ஆட்டோ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, பக்கம் ஸ்க்ரோல் ஆகக்கூடியதாகவோ மேப் ஐஃப்ரேமுக்குள்ளோ இருந்தால் அதுவே இரண்டு விரல் முறைக்குப் போய்விடும். மேப்லிப்ரேயில் அப்படித் தேர்வு இல்லாததால் நானே ஒரு வரி எழுதிக்கொண்டேன்: இந்த ஜன்னலும் மேல்மட்ட ஜன்னலும் ஒன்றா என்று பார்த்து, வேறு வேறு என்றால் ‘ட்ரூ’, ஒன்றே என்றால் ‘ஃபால்ஸ்’. தனிப் பக்கமாகத் திறந்தால் ஒரு விரல், யாருடைய தளத்திலாவது பதித்தால் இரண்டு விரல். இப்போது நான் அனுப்புகிற எல்லா மேப்பிலும் அந்த வரி இருக்கிறது.